எக்ஸ்-9ஐ எழுதிய ஹாமெட் அதற்குப் பிறகு ஏன் எழுதவில்லை?

கேள்வி மூன்று வரிதான். “தமிழில் நாம் படித்த ரகசிய ஏஜெண்ட் காரிகனை முதலில் எழுதியவர் ‘மால்டீஸ் ஃபால்கன்’ நாவலாசிரியர் டேஷியல் ஹாமெட் என்கிறார்களே, உண்மையா? அவ்வளவு பெரிய எழுத்தாளர் படக்கதை எழுதும் நிலைக்கு ஏன் வந்தார்? அதன்பின் ஏன் எதுவுமே எழுதவில்லை?” முதல் கேள்விக்கு ‘ஆமாம், ஆனால்’ என்று இரண்டு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். விஷயம் இருப்பது இரண்டாவது கேள்வியின் அடியில். நாவலாசிரியர் ஒருவர் படக்கதைக்கு இறங்கி வந்தார், அந்த இறக்கத்தின் அடிவாரத்தில் பேனா நின்றுபோனது என்று கேட்டவர் நினைக்கிறார் போலும். ஹாமெட்டின் வரவுக் கணக்கைப் பார்த்தால், பின்னாளில் காரிகனாக மாறிய அந்த ‘எக்ஸ்-9’ படக்கதை இறக்கமே இல்லை. ஒரு சொல்லுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் அதைப்போல விலை போன எழுத்து அவரிடம் குறைவு. சிக்கல் அந்த விலையில்தான் இருந்தது என்பது என் எண்ணம். அதைச் சொல்லக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வார இதழில் பத்தொன்பது வருடம் தொடர்கதைகளையும் படக்கதைப் பக்கங்களையும் கவனித்துக்கொண்டவன். அமெரிக்க இலக்கியத்தை முறையாகப் படித்தவன் இல்லை. ஹாமெட்டின் ஐந்து நாவல்களையும் எக்ஸ்-9இன் ஆரம்பக் கதைகளையும் பலமுறை படித்திருக்கிறேன். படித்ததெல்லாம் உதவி ஆசிரியனின் கண்ணோடு. இந்த வாரப் பகுதி எங்கே முடிகிறது, எந்தப் பத்தி பக்கத்தை நிரப்ப எழுதியது, எந்த இடத்தில் கை மாறியிருக்கிறது என்றுதான் பார்க்கத் தெரியும். என் பதிலும் அந்தப் பக்கமாகவே சாயும்.

சாமுவேல் டேஷியல் ஹாமெட் 1894 மே 27 அன்று மேரிலாந்து மாநிலத்தில் பிறந்தார். நடுப்பெயர் அம்மா வழியில் வந்தது. பிரெஞ்சு மூலம் என்பதால் வீட்டில் அதை ‘டஷீல்’ என்று கடைசி அசையை அழுத்திச் சொல்வார்களாம். நாம் டேஷியல் என்றே பழகிவிட்டோம், நானும் அப்படியே எழுதுகிறேன். சிறு வயதிலேயே பள்ளியை விட்டு, ரயில்வே அலுவலகத்தில் எடுபிடி வேலை முதல் கிடைத்ததையெல்லாம் செய்துவிட்டு, 1915இல் பால்டிமோரில் பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தில் சேர்ந்தார். இடையில் முதல் உலகப் போர். 1918இல் ராணுவத்தின் ஆம்புலன்ஸ் பிரிவு, அங்கேயே ஸ்பானிஷ் ஃப்ளூ, அதைத் தொடர்ந்து காசநோய். போர்முனையைக் கண்ணால் பார்க்காமலேயே நுரையீரல் போய்விட்டது. மருத்துவமனையில் சந்தித்த நர்ஸ் ஜோசஃபின் டோலனை 1921இல் சான் பிரான்சிஸ்கோவில் மணந்தார். அந்த ஊர் பிங்கர்ட்டன் கிளையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார், உடம்பு இடம் கொடுக்கவில்லை. மனைவி, கைக்குழந்தை, வீட்டு வாடகை. எழுந்து நிற்க முடியாத நாளிலும் செய்யக்கூடிய வேலை என்று அவருக்கு மிஞ்சியது எழுத்துதான்.

இந்தத் துப்பறியும் காலத்தைப் பற்றிப் புழங்கும் கதைகளைக் கொஞ்சம் சலித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பிங்கர்ட்டனில் வேலை பார்த்தது உறுதி. 1923 மார்ச் மாத ‘ஸ்மார்ட் செட்’ இதழில் தன் தொழில் அனுபவங்களைச் சின்னச் சின்னத் துணுக்குகளாக எழுதியதும் உறுதி. ஒரு ராட்சத ராட்டினத்தையே திருடிக்கொண்டு போன ஆளைத் தனக்குத் தெரியும் என்பது அதில் ஒன்று. ஆனால் மொன்டானா சுரங்க நகரமான பியூட்டில் 1917இல் தொழிற்சங்கத் தலைவர் ஃபிராங்க் லிட்டிலைக் கொல்ல ஹாமெட்டுக்கு 5,000 டாலர் தருவதாகச் சொன்னார்கள், அவர் மறுத்தார், பிறகு லிட்டிலைக் கும்பல் தூக்கில் தொங்கவிட்டது என்று ஒரு கதை இருக்கிறது. லிட்டில் கொல்லப்பட்டது வரலாறு. டாலர் பேரம், ஹாமெட் தன்னிடம் சொன்னதாக அவருடைய நீண்டகாலத் துணை, நாடகாசிரியர் லில்லியன் ஹெல்மன் பல வருடம் கழித்து எழுதியதால் நமக்கு வந்தது. ஹெல்மனின் நினைவுக் குறிப்புகள் எவ்வளவு நம்பத் தகுந்தவை என்பதே பெரிய வழக்கு. ஹாமெட்டின் வாழ்க்கையைத் திரைக்கதைபோலச் சொல்பவர்கள் எல்லோரும் இதில் ஆரம்பிப்பார்கள். நான் ஆரம்பிக்க மாட்டேன்.

எழுத்து வாழ்க்கைக்கு வருவோம். 1920களின் அமெரிக்காவில் ‘பல்ப்’ இதழ்கள் என்று ஒரு வகை இருந்தது. மரக்கூழில் செய்த மட்டமான தாள், கண்ணைப் பறிக்கும் அட்டை, உள்ளே நூற்றுச் சொச்சம் பக்கத்துக்குக் கதை. அவற்றில் ஒன்று ‘பிளாக் மாஸ்க்’. அதை 1920இல் தொடங்கியவர்கள் விமர்சகர்களான மென்கனும் நாதனும். கௌரவமான ‘ஸ்மார்ட் செட்’ இதழை நடத்தப் பணம் வேண்டுமென்று இதைத் தொடங்கி, சீக்கிரமே நல்ல விலைக்கு விற்றுவிட்டார்கள். ஹாமெட் 1922இல் ஸ்மார்ட் செட்டில் துணுக்குக் கதையோடு அறிமுகமாகி, அதே ஆண்டு டிசம்பரில் பிளாக் மாஸ்க்கில் நுழைந்தார். சன்மானம் சொல்லுக்கு ஒரு சென்ட் அளவில். அங்கே முதலில் அவர் வைத்துக்கொண்ட பெயரைக் கவனியுங்கள்: பீட்டர் காலின்சன். அந்தக் காலத்து நாடகக் கொட்டகை, திருட்டு உலகப் பேச்சில் ‘பீட்டர் காலின்ஸ்’ என்றால் ஊர் பேர் தெரியாதவன், அப்படி ஒரு ஆளே இல்லை என்று பொருள். காலின்சன் என்றால் அந்த இல்லாத ஆளின் மகன்.

1923 அக்டோபரில் அதே காலின்சன் பெயரில் வந்த கதையில்தான் கான்டினென்டல் துப்பறியும் நிறுவனத்தின் ஆள் முதல்முறையாக வருகிறான். குள்ளம், தொந்தி, நாற்பதை நெருங்கும் வயது. பெயர் கிடையாது. 28 சிறுகதைகள், இரண்டு நாவல்கள் முழுக்க அவனே கதை சொல்கிறான், கடைசிவரை பெயர் சொல்வதில்லை. ஷெர்லாக் ஹோம்ஸ் வழியில் வந்த துப்பறிவாளர்கள் எல்லாம் மேதைகள். காலணியில் ஒட்டிய களிமண்ணைப் பார்த்து ஊரைச் சொல்வார்கள். இவன் ஆபீசுக்குப் போகிறான், பழைய கோப்பைப் புரட்டுகிறான், மழையில் தெருமுனையில் நின்று ஒரு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், முடிந்ததும் அதிகாரிக்கு அறிக்கை எழுதுகிறான். பிங்கர்ட்டனில் தினம் அறிக்கை எழுதிய கைதான் இந்த நடையைக் கொடுத்தது என்று பலர் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே என்பது அந்த அறிக்கையின் இலக்கணம்.

1926இல் சன்மானத் தகராறில் பிளாக் மாஸ்க்கை விட்டு, சான் பிரான்சிஸ்கோவில் ஆல்பர்ட் சாமுவெல்ஸ் நகைக்கடையில் விளம்பரம் எழுதப் போனார். இரண்டாவது குழந்தை பிறந்த வருடம். சில மாதத்தில் ரத்தம் கக்கி விழுந்தார். குழந்தைகளுக்குத் தொற்றும் என்று சுகாதார நர்சுகள் சொன்னதால் குடும்பத்தைத் தனியாக அனுப்ப வேண்டியிருந்தது. இந்த நேரத்தில் பிளாக் மாஸ்க்குக்குப் புதிய ஆசிரியராக ஜோசஃப் ஷா வந்தார். ஹாமெட்டைத் திரும்ப அழைத்தார், நீளமாக எழுதச் சொன்னார். ஓர் ஆசிரியர் செய்யக்கூடிய பெரிய காரியம் இதுதான், வேண்டியவருக்கு இடத்தைத் திறந்துவிடுவது. 1927 நவம்பரில் ‘ரெட் ஹார்வெஸ்ட்’ தொடராக ஆரம்பித்தது. அடுத்து ‘தி டெய்ன் கர்ஸ்’, ‘மால்டீஸ் ஃபால்கன்’, ‘தி கிளாஸ் கீ’. 1929க்கும் 1931க்கும் இடையில் நான்கும் நாஃப் பதிப்பகத்தில் புத்தகமாக வந்துவிட்டன. இருமலோடு இருந்த ஒரு மனிதர் மூன்று வருடத்துக்குள் தொடராக எழுதியவை. அந்த வேகத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மூச்சு முட்டுகிறது.

ரெட் ஹார்வெஸ்ட்டைப் புத்தகமாக மட்டும் படித்தவர்கள் ஒன்றைத் தவறவிடுவார்கள். அது நான்கு பகுதியாக வந்தது. ஒவ்வொரு பகுதியிலும் ஒரு கொலைப் புதிர் திறந்து அங்கேயே மூடும், ஊரின் நாற்றம் மட்டும் அடுத்த மாதத்துக்குத் தொடரும். நடுவில் ஒரு இதழை வாங்காதவனும் ஏமாறக் கூடாது, எல்லாவற்றையும் வாங்கியவனுக்கும் சலிக்கக் கூடாது. தொடர்கதை எடிட் செய்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், இந்த இரண்டையும் ஒருசேரச் செய்பவர்கள் கைவிரலில் அடங்குவார்கள் என்று. நாஃப் பதிப்பகம் ஏற்றுக்கொண்டபோது வன்முறையைக் குறைக்கச் சொன்னது, கொஞ்சம் குறைத்தார். மிச்சமிருப்பதையே பிணங்களை எண்ணிக்கொண்டு படிக்க வேண்டும்.

ஷாவைப் பற்றி ஒரு கிளைக்கதை. பெர்ரி மேசனைப் படைத்த எர்ல் ஸ்டான்லி கார்ட்னர் சொன்னது, அதனால் கொஞ்சம் உப்பு சேர்ந்திருக்கலாம். கொச்சை வார்த்தைகளை ஷா வெட்டிவிடுவார். அவரைச் சீண்டுவதற்காக ஹாமெட், கொடியில் காயும் துணியைத் திருடுவதைக் குறிக்கும் ஒரு அப்பாவித் திருட்டுச் சொல்லை ஆபாசமாகத் தோன்றும்படி எழுதினார். அதே கதையில் ‘கன்சல்’ என்ற சொல்லையும் சாதாரணமாகச் செருகினார். ஷா முதல் சொல்லைப் பார்த்துப் பதறினார், இரண்டாவதைத் துப்பாக்கி தூக்கும் அடியாள் என்று நினைத்து விட்டுவிட்டார். உண்மையில் அது ஓர் ஆணுக்குப் படுக்கைத் துணையாக இருக்கும் இளைஞனைக் குறிக்கும் கொச்சைச் சொல். அமெரிக்கத் துப்பறியும் எழுத்தாளர்களில் பலர் பிறகு அதை அடியாள் என்ற பொருளிலேயே எழுதித் தள்ளினார்கள். ஆசிரியர் மேஜையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் எனக்கு ஷாவின் மேல் பரிதாபம்தான்.

மால்டீஸ் ஃபால்கனின் ஒரு இடத்தை மட்டும் நின்று பார்க்க வேண்டும், எக்ஸ்-9 பற்றிப் பேச அது தேவை. நள்ளிரவு இருட்டில் போன் அடிக்கிறது. கூட்டாளி ஆர்ச்சர் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி. சாம் ஸ்பேட் விளக்கைப் போட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சிகரெட் சுற்றுகிறான். தாளை எடுப்பது, புகையிலையைப் பரப்புவது, நடுவில் குழிப்பது, விரல்களால் உருட்டுவது, நாக்கால் ஒட்டுவது என்று எல்லாம் வருகிறது. துக்கமா, பயமா, நிம்மதியா என்று ஒரு வார்த்தை இல்லை. நாவல் முழுக்கவே ஸ்பேட் என்ன நினைக்கிறான் என்று ஆசிரியர் ஒரு இடத்திலும் சொல்வதில்லை. பார்ப்பவன் விரலைப் பார்த்து மனதை ஊகிக்க வேண்டும். ஹாமெட்டின் பலம் முழுக்க இந்த மறைப்பில் இருக்கிறது.

இனி 1934 ஜனவரி. அந்த ஒரே மாதத்தில் இரண்டு காரியம் நடந்தது. ‘தி தின் மேன்’ புத்தகமாக வெளிவந்தது. அட்டையில் கைத்தடியோடு நின்றது கதாபாத்திரம் அல்ல, ஒல்லியான ஹாமெட்டே. கதையில் ‘ஒல்லியான மனிதன்’ என்பது காணாமல் போன விஞ்ஞானியைத்தான் குறிக்கும். வாசகர்கள் முதலில் ஆசிரியரை நினைத்தார்கள், படம் வந்தபின் துப்பறியும் நிக் சார்லஸை நினைத்தார்கள், எம்ஜிஎம் நிறுவனம் அந்தத் தவறையே தலைப்பாக வைத்து அடுத்தடுத்த படங்களை எடுத்தது. இரண்டாவது காரியம் ஜனவரி 22, திங்கட்கிழமை: ஹெர்ஸ்ட் பத்திரிகைக் குழுமத்தின் கிங் ஃபீச்சர்ஸ் சிண்டிகேட் (பல பத்திரிகைகளுக்குப் படக்கதைகளை விற்கும் நிறுவனம்) ‘சீக்ரெட் ஏஜெண்ட் எக்ஸ்-9’ தினசரிச் சித்திரத் தொடரைத் தொடங்கியது. போட்டி சிண்டிகேட்டின் துப்பறியும் படக்கதை ‘டிக் ட்ரேசி’ 1931 முதல் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது, அதற்குப் பதிலடி. எழுத்து டேஷியல் ஹாமெட். ஓவியம் 24 வயது அலெக்ஸ் ரேமண்ட். இந்த ரேமண்ட் அதே மாதம் 7ஆம் தேதிதான் ‘ஃப்ளாஷ் கார்டன்’, ‘ஜங்கிள் ஜிம்’ இரண்டையும் ஆரம்பித்திருந்தார். பின்னாளில் தமிழிலும் வந்த ரிப் கிர்பியை 1946இல் உருவாக்கியவரும் இவரே.

கணக்கைப் பார்க்கலாம். ஹாமெட்டுக்கு வாரம் 500 டாலர் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். சொல்லுக்கு ஒரு சென்ட் என்ற பழைய பிளாக் மாஸ்க் விலையில் 500 டாலர் சம்பாதிக்க 50,000 சொற்கள் எழுத வேண்டும், கிட்டத்தட்ட ஒரு நாவல். எக்ஸ்-9 ஞாயிறு தவிர ஆறு நாள். நாளுக்கு நான்கு கட்டம், கட்டத்துக்கு 25 சொல் என்று தாராளமாக வைத்தாலும் வாரம் 600 சொற்கள். சொல்லுக்கு ஒரு டாலரை நெருங்குகிறது. 600 சொல்லுக்கு இவ்வளவு யார் கொடுப்பார்கள்? கிங் ஃபீச்சர்ஸ் வாங்கியது சொற்களை இல்லை. ‘மால்டீஸ் ஃபால்கன் ஆசிரியர்’ என்று விளம்பரத்தில் போட்டுக்கொள்ளும் உரிமையை வாங்கியது. இல்லாத ஆளின் மகன் என்று பெயர் வைத்து எழுத ஆரம்பித்தவருக்கு, பன்னிரண்டு வருடத்தில் எழுத்தைவிடப் பெயர் விலை கூடிவிட்டது. கேட்டவரின் மூன்றாவது கேள்விக்கு என் பதில் இங்கேதான் தொடங்குகிறது.

எக்ஸ்-9 எப்படி இருந்தது? முதல் கதையின் ஆரம்பம் அசல் ஹாமெட். கோடீஸ்வரர் வீட்டுக் கொலை, ‘தி டாப்’ என்று மட்டும் அழைக்கப்படும் கும்பல் தலைவன், யாரையும் நம்ப முடியாத பேச்சு. நாயகனுக்கு எண் மட்டும். பெயர் கேட்டால் டெக்ஸ்டர் என்று கூப்பிடுங்கள், அது என் பெயரில்லை, ஆனாலும் பரவாயில்லை என்கிறான். பெயரில்லாத கான்டினென்டல் ஆளுக்குத் தம்பி. ஆனால் அண்ணன் குள்ளத் தொந்திக்காரன். ரேமண்டின் கையில் தம்பி சினிமா நடிகன் மாதிரி வந்துவிட்டான். அவன் தனியார் துப்பறிவாளனா அரசாங்க உளவாளியா என்பதும் தெளிவாக இல்லை. சிண்டிகேட்டுக்கு இரண்டும் வேண்டியிருந்தது என்பது பரவலான விளக்கம்.

என் தொழில்முறைப் பார்வையில் பெரிய தடை வேறு. சிகரெட் சுற்றும் அந்தக் காட்சியைப் படக்கதையாக்கிப் பாருங்கள். ஓவியர் முகத்தை வரைந்தாக வேண்டும். வரைந்த உடனே அது சோகமாகவோ கடுமையாகவோ ஆகிவிடும். மறைத்த மனம் மையில் வெளியே வந்துவிடும். உரைநடையில் ஹாமெட் எதைச் சொல்லாமல் விட்டு ஜெயித்தாரோ அதைத் தினசரிக் கட்டம் அனுமதிக்காது. போதாததற்கு முதல் கட்டத்தில் நேற்றைய கதையை நினைவுபடுத்த வேண்டும், கடைசிக் கட்டத்தில் நாளைக்குக் கொக்கி போட வேண்டும், மிஞ்சுவது நடுவில் இரண்டு கட்டம். பிளாக் மாஸ்க்கில் மாதத்துக்கு ஒருமுறை செய்த வித்தையை இங்கே தினம் செய்ய வேண்டும், அதுவும் நூறு சொல்லில். துரத்தலோ ரயில் தண்டவாளமோ கிடைத்த இடங்களில் ரேமண்டின் தூரிகை கதையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. பேசும் இடங்களில் பலூன்கள் படத்தை மூடுகின்றன.

1935 தொடக்க மாதங்களோடு ஹாமெட் விலகிவிட்டார். அதற்குள் நான்கு கதைகள் அவர் பெயரில் வந்துவிட்டன. அவற்றில் பிந்தியவற்றில் சிண்டிகேட் ஆட்களின் கை எவ்வளவு என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. என் வாசிப்பில் முதல் கதையின் பேச்சு ஒருவருடையது, பின்னால் வருவதில் அந்தக் காது இல்லை. இதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் இதழில் ஒரு பிரபல எழுத்தாளரின் அத்தியாயம் வரவேயில்லை, அச்சுக்கு நாலு மணி நேரம் இருந்தது, நானே உட்கார்ந்து எழுதி அவர் பெயரில் போட்டோம். அந்த வாரம் வந்த பாராட்டுக் கடிதங்களில் ஒன்று, “உங்கள் நடையை யாராலும் தொட முடியாது” என்றது. அதனால் நடையை வைத்துக் கை கண்டுபிடிக்கும் வித்தையில் எனக்கு நம்பிக்கை அரைப் பங்குதான்.

ஹாமெட்டுக்குப் பிறகு ‘செயின்ட்’ கதைகளை எழுதிய லெஸ்லி சார்ட்டரிஸ் கொஞ்ச காலம் எழுதினார். ரேமண்டும் 1935 முடிவதற்குள் விலகினார். 1940இல் வந்த மெல் கிராஃப் இருபது வருடம் வரைந்தார். எக்ஸ்-9க்கு ஃபில் காரிகன் என்று பெயர் வைத்தவர் அவர். 1967 முதல் 1980 வரை ஆர்ச்சி குட்வின் எழுத, அல் வில்லியம்சன் வரைந்த காலத்தில் தொடரின் பெயரே சீக்ரெட் ஏஜெண்ட் காரிகன் ஆனது. பின் ஜார்ஜ் எவன்ஸ், 1996இல் நின்றது. ஆகவே முதல் கேள்விக்கு ‘ஆமாம், ஆனால்’ என்றேன். முத்து காமிக்ஸில் நான் படித்த காரிகன், குட்வினும் வில்லியம்சனும் செய்த ஆள். அதில் ஹாமெட்டின் ஒரு வரி கிடையாது. விதை அவருடையது, பெயர்கூட அவர் வைத்ததில்லை.

இனி ‘ஏன் எழுதவில்லை’. 1934இன் ஆரம்பத்தில் ‘கோலியர்ஸ்’ வார இதழில் வந்த சில சிறுகதைகளோடு அவர் புனைவு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. 39 வயது. இன்னும் 27 வருடம் உயிரோடு இருந்தார். குடியைக் காரணம் சொல்பவர்கள் உண்டு. குடித்தார், கடுமையாகக் குடித்தார், ஆனால் நான்கு நாவல்களை எழுதிய வருடங்களிலும் குடித்தார். காசநோயும் அப்படியே. பிற்காலத்தில் அவரே பேட்டியில் சொன்னது, எழுதியதையே திரும்ப எழுதுகிறேன் என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டேன் என்பதாக. அதை நான் பாதி நம்புகிறேன். மீதிப் பாதி பணம். எம்ஜிஎம்முக்கு 1936, 1939 தின் மேன் படங்களின் கதையைக் கொடுத்தார். 1937இல் அந்தக் கதாபாத்திரங்களின் உரிமையை 40,000 டாலருக்கு மொத்தமாக விற்றார். 1940களில் சாம் ஸ்பேட், தின் மேன், ‘ஃபேட் மேன்’ என்று மூன்று வானொலித் தொடர்கள் அவர் பெயரில் ஓடின. மூன்றையும் எழுதியவர்கள் வேறு ஆட்கள். எழுதாமலே காசோலை வந்தது. சொல்லுக்கு ஒரு சென்ட் காலத்தில் எழுதாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. அந்தக் கட்டாயம் போனதும், ‘இனித் துப்பறியும் கதை வேண்டாம், பெரிய நாவல் எழுதுகிறேன்’ என்ற ஆசை மட்டும் மிஞ்சியது. அப்படித் தொடங்கியவற்றில் கடைசியானது ‘டூலிப்’, 1950களில், முடியவில்லை.

கதாபாத்திரத்தின் பெயர் யாருக்குச் சொந்தம் என்று ஒரு வழக்கே நடந்தது. வார்னர் பிரதர்ஸ் 1930இல் மால்டீஸ் ஃபால்கனை 8,500 டாலருக்கு வாங்கியிருந்தது. சாம் ஸ்பேட் வானொலியில் வந்ததும் அவனும் எங்களுக்கே சொந்தம் என்று வழக்குப் போட்டது. 1954இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், கதையை விற்றாலும் ஆளை ஆசிரியர் வேறு கதையில் பயன்படுத்தலாம் என்று தீர்ப்பளித்தது. எழுத்தாளர்களுக்கு முக்கியமான தீர்ப்பு. ஆனால் ஸ்பேடை வைத்து ஹாமெட் கடைசியாகக் கதை எழுதி அப்போதே இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

இந்த இருபது வருடமும் அவர் சும்மா இருந்தார் என்று நினைக்க வேண்டாம். ஹெல்மனின் முதல் வெற்றி நாடகம் 1934இல் மேடையேறியது. அதன் கருவை எடுத்துக் கொடுத்தவரும் வரைவுகளை இரக்கமில்லாமல் திருத்தியவரும் ஹாமெட். 48 வயதில், பழுதான நுரையீரலோடு, 1942இல் சாதாரணச் சிப்பாயாகப் பட்டாளத்தில் சேர்ந்து, அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளில் ‘அடாக்கியன்’ என்ற முகாம் செய்தித்தாளை நடத்தினார். மற்றவர் பிரதியைத் திருத்தத் தெரிந்தவர் தன் பிரதியை எழுத முடியாமல் போவது நான் பலமுறை பார்த்தது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

1951இல் சிவில் ரைட்ஸ் காங்கிரஸ் என்ற இடதுசாரி அமைப்பின் ஜாமீன் நிதி வழக்கு வந்தது. தலைமறைவான கம்யூனிஸ்ட் தலைவர்களுக்கு ஜாமீன் கட்டிய அந்த நிதியின் அறங்காவலர் ஹாமெட். பணம் கொடுத்தவர்களின் பெயர்களைக் கேட்டார்கள். சொல்லவில்லை. ஆவணத்திலிருந்த தன் முதலெழுத்துகள் தன்னுடையவைதானா என்பதற்கும் பதில் சொல்ல மறுத்தார். ஆறு மாதத் தண்டனை, சுமார் ஐந்து மாதம் சிறையில். வானொலித் தொடர்கள் கைவிட்டுப் போயின, வருமான வரித்துறை இருந்ததையும் முடக்கியது. 1961 ஜனவரி 10 அன்று நியூயார்க்கில் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். இரண்டு போரிலும் சேவை செய்தவர் என்பதால் ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில் அடக்கம். கல்லில் டேஷியல் இல்லை, சாமுவேல் டி. ஹாமெட் என்று இருக்கிறது.

கேட்டவருக்கு ஒரு யோசனை. எக்ஸ்-9இன் ஹாமெட் காலத்து ஸ்ட்ரிப்புகள் ஆங்கிலத்தில் தொகுப்பாக வந்திருக்கின்றன. முழுவதையும் படிக்க வேண்டாம், முதல் கதை போதும். அதற்கு முன்னால் மால்டீஸ் ஃபால்கனின் இரண்டாம் அத்தியாயத்தை, அந்தச் சிகரெட் வரும் பக்கத்தை, படித்துவிட்டுப் போங்கள். பிறகு எக்ஸ்-9இல் யாருக்காவது போன் வரும் கட்டம் எதையாவது எடுத்து ரேமண்ட் முகத்தை எப்படி வரைந்திருக்கிறார் என்று பாருங்கள். கிடைத்தால் இங்கேயே எழுதுங்கள், பேசலாம்.